அந்தமானில் ஒரே பயணத்தில் காடும் கடலும்: சிறு குழுச் சுற்றுலாவில் கவனிக்க வேண்டியவை என்ன?

ஸ்ரீ விஜயபுரம்: காலையில் மழைக்காட்டு ஒற்றையடிப் பாதையில் நடை, பிற்பகலில் பவளப்பாறைகளுக்கு மேல் நீச்சல், மறுநாள் அலையாத்திக் காட்டினூடே துடுப்புப் படகு. பேருந்தில் அமர்ந்து இடங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழக்கமான சுற்றுலாவுக்கு மாற்றாக, உடல் உழைப்புடன் கூடிய இத்தகைய பயணங்களை இப்போது பலரும் நாடுகின்றனர். பொதுவாக 6 முதல் 15 பேர் வரையிலான குழுவாக, ஒரு வழிகாட்டியுடன் இப்பயணங்கள் நடைபெறுகின்றன.

அடர்ந்த வெப்பமண்டலக் காடும் தீவுக் கடற்கரையும் சில மணி நேர இடைவெளியில் அமைந்துள்ள இடங்கள் இந்தியாவில் மிகக் குறைவு. அவற்றில் முதன்மையானது அந்தமான். ஆனால் இங்கு குழு சிறியதாக இருப்பது வசதிக்காக மட்டுமல்ல. படகுப் பாதுகாப்பு, பவளப்பாறைகள், பழங்குடியினரின் வாழ்வுரிமை ஆகியவற்றோடும் அது தொடர்புடையது.

அந்தமானின் தனித்தன்மை என்ன?

அந்தமான்-நிகோபார் ஒன்றியப் பிரதேசத்தில் சிறிதும் பெரிதுமாக 836 தீவுகளும் திட்டுகளும் பாறைகளும் உள்ளன. இவற்றில் மக்கள் வசிப்பவை சுமார் 30 மட்டுமே. மொத்த நிலப்பரப்பான 8,249 சதுர கிலோமீட்டரில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட பகுதி காடாகும். படாக், குர்ஜன் போன்ற உயர்ந்த மரங்கள் பல இடங்களில் கடற்கரை மணலுக்கு மிக அருகிலேயே தொடங்குகின்றன. எனவே காட்டு நடையையும் கடல் நீச்சலையும் ஒரே நாளில் மேற்கொள்வது இங்கு இயல்பாகிறது.

சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் தலைநகரை அடையலாம். போர்ட் பிளேர் என்று அறியப்பட்ட அந்நகரின் பெயர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என மாற்றப்பட்டது. முன்னதாக 2018 டிசம்பரில் ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் தீவு என்றும், நீல் தீவு ஷஹீத் தீவு என்றும் பெயர் மாற்றம் பெற்றன. பயணச் சீட்டுகளிலும் வரைபடங்களிலும் பழைய பெயர், புதிய பெயர் இரண்டும் காணப்படுவதால் பயணிகள் இதனை அறிந்திருப்பது நல்லது.

காட்டு வழிகள்

நடைப்பயணத்துக்கு உகந்த இடங்களில் மூன்று குறிப்பிடத்தக்கவை. முதலாவது, தலைநகருக்கு அருகிலுள்ள மவுண்ட் மணிப்பூர் தேசியப் பூங்கா. மவுண்ட் ஹாரியட் என்று அழைக்கப்பட்ட இம்மலைக்கு 2021-இல் புதிய பெயர் சூட்டப்பட்டது. 1891-ஆம் ஆண்டு ஆங்கிலேய-மணிப்பூர் போருக்குப் பின் மணிப்பூர் மன்னர் குலசந்திர சிங்கும் உடனிருந்தோரும் இங்கு சிறைவைக்கப்பட்டதே இதற்குக் காரணம். இம்மலையிலிருந்து மதுபன் கடற்கரை நோக்கிக் காட்டு வழியே இறங்கும் பாதை உள்ளது.

இரண்டாவது, ஸ்வராஜ் தீவில் எலிஃபன்ட் கடற்கரைக்குச் செல்லும் குறுகிய காட்டுப் பாதை. அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தில் இதனைக் கடந்துவிடலாம் என்பதால் முதன்முறை நடப்பவர்களுக்கும் ஏற்றது. மழை பெய்தால் சேறும் வேர்களும் வழுக்கும்.

மூன்றாவதும் கடினமானதும், வடக்கு அந்தமானின் திக்லிபூர் அருகிலுள்ள சேடில் சிகரம். 732 மீட்டர் உயரமுள்ள இதுவே தீவுக்கூட்டத்தின் மிக உயர்ந்த இடமாகும். ஒரு வழி மட்டும் சுமார் 8 கிலோமீட்டர் என்பதால், ஏறி இறங்க ஒரு முழுப் பகல் தேவைப்படும். வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இன்றி இதனைத் திட்டமிடக் கூடாது.

இக்காடுகளில் புலி, சிறுத்தை போன்ற பெரிய வேட்டை விலங்குகள் இல்லை. ஆயினும் நச்சுப் பாம்புகள் உண்டு. ஈரமான காலத்தில் அட்டைகளும் மிகுதி. நீளமான காலுறை, பிடிமானமுள்ள காலணி, போதிய குடிநீர் ஆகியவை அவசியம்.

ஐந்து மணிக்கே இருட்டிவிடும்

புதிதாக வருவோர் பெரும்பாலும் கணக்கில் கொள்ளாத ஒன்று, சூரியன் மறையும் நேரம். இந்தியத் திட்ட நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. அந்தமானோ ஏறத்தாழ 93 பாகையில் அமைந்துள்ளது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்ற கணக்கில், கடிகாரத்தைவிடச் சூரியன் இங்கு சுமார் 40 நிமிடங்கள் முந்துகிறது. சுற்றுலா உச்சத்தில் இருக்கும் டிசம்பர் மாதத்தில் மாலை ஐந்து மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். மரங்கள் அடர்ந்த பாதையில் அதற்கும் முன்பே வெளிச்சம் குறையும்.

குழு பெரிதானால் கடைசியாக வருபவருக்காக முன்னால் செல்பவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். நடக்கும் வேகம் குறைந்து, திரும்பும் நேரம் தள்ளிப்போகும். பத்துப் பேருக்கு ஒரு வழிகாட்டி இருந்தால் அனைவரையும் பார்வையிலேயே வைத்திருக்க முடியும். பிற்பகல் மூன்று மணிக்குள் காட்டைவிட்டு வெளியேறும் வகையில் திட்டமிடுவது பாதுகாப்பானது.

கடலில் கவனம்

ஸ்வராஜ் தீவின் ராதாநகர் கடற்கரை, தூய்மைக்கான சர்வதேச நீலக்கொடிச் சான்றிதழை 2020-இல் பெற்ற எட்டு இந்தியக் கடற்கரைகளுள் ஒன்றாகும். வடக்கே, ராஸ், ஸ்மித் ஆகிய இரட்டைத் தீவுகளைக் கடல் வற்றும் நேரத்தில் வெளிப்படும் மணல் திட்டு இணைக்கிறது. ஏற்றவற்ற நேரத்தை அறிந்து சென்றால் மட்டுமே ஒரு தீவிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து செல்லலாம்.

அந்தமான் கடலோரங்களிலும் அலையாத்திக் கழிமுகங்களிலும் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. 2010-இல் ஸ்வராஜ் தீவில் முதலை தாக்கியதில் அமெரிக்கச் சுற்றுலாப் பயணி ஒருவர் உயிரிழந்தார். எச்சரிக்கைப் பலகை உள்ள இடங்களிலும், கழிமுகங்களுக்கு அருகிலும், இருட்டிய பின்னரும் நீரில் இறங்கக் கூடாது.

பவளப்பாறைகள் கல் போன்று தோன்றினாலும் உயிருள்ளவை. கடல்நீரின் வெப்பம் வழக்கத்தைவிட ஓரிரு பாகை உயர்ந்து சில வாரங்கள் நீடித்தால், அவற்றுக்கு உணவளிக்கும் நுண்பாசிகள் வெளியேறிப் பவளம் வெளுத்துவிடும். 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அந்தமான் பவளப்பாறைகள் இவ்வாறு பாதிக்கப்பட்டன. மீண்டு வரும் பவளத்தின்மீது ஒருவர் கால் ஊன்றினாலே பல ஆண்டு வளர்ச்சி நொறுங்கிவிடும். முகமூடி அணிந்து மிதப்பவர்களில் நீச்சல் அறியாதவரே பெரும்பாலும் தடுமாறிக் காலை ஊன்றுகிறார். நான்கைந்து பேருக்கு ஒருவர் உடன் நீந்தினால் இதனைத் தவிர்க்கலாம். கடற்கரையில் கிடக்கும் பவளத் துண்டுகளை எடுத்துவருவதும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமாகும்.

2014 விபத்து தரும் பாடம்

2014 ஜனவரி 26 அன்று தலைநகருக்கு அருகே சுற்றுலாப் படகு ஒன்று மூழ்கியதில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் தமிழகத்தின் காஞ்சிபுரம் பகுதியிலிருந்து சென்றவர்கள். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையைவிடக் கூடுதலானோர் அப்படகில் ஏற்றப்பட்டிருந்தனர்.

பெரிய குழுவினர் அனைவரும் ஒரே படகில் செல்ல விரும்பும்போது இத்தகைய நெருக்கடி எழுகிறது. படகில் எழுதப்பட்டிருக்கும் பயணியர் எண்ணிக்கையையும், ஒவ்வொருவருக்கும் மிதவை உடை உள்ளதா என்பதையும் ஏறுவதற்கு முன்பே பார்ப்பது பயணியின் உரிமை. கூட்டம் மிகுதியாக இருந்தால் அடுத்த படகுக்குக் காத்திருப்பதே சரியானது.

ஜாரவா காப்பகச் சாலை

அந்தமான் பெருவழிச் சாலை, ஜிர்காடாங் முதல் மிடில் ஸ்ட்ரெயிட் வரை சுமார் 50 கிலோமீட்டர் தூரம் ஜாரவா பழங்குடியினர் காப்பகத்தின் வழியே செல்கிறது. பாராடாங் சுண்ணாம்புக் குகைகளுக்குச் செல்லும் பயணிகளின் வாகனங்கள் குறிப்பிட்ட நேரங்களில், காவல் துணையுடன் வரிசையாக அனுப்பப்படுகின்றன. வழியில் நிறுத்துவது, புகைப்படம் எடுப்பது, உணவு கொடுப்பது ஆகிய அனைத்தும் தடை செய்யப்பட்டுள்ளன.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஜாரவா மக்கள் 380 பேர் மட்டுமே. 1990-களின் இறுதியில்தான் அவர்கள் தாமாகக் காட்டைவிட்டு வெளிவந்து பிறருடன் பழகத் தொடங்கினர். அடுத்த சில ஆண்டுகளிலேயே, 1999-இல், தட்டம்மை அவர்களிடையே பரவியது. வெளியுலக நோய்களுக்கு எதிர்ப்பாற்றல் பெறாத ஒரு சிறு சமூகத்துக்கு, வாகனத்திலிருந்து நீளும் ஒரு பிஸ்கட் பொட்டலம்கூட ஆபத்தாக முடியலாம்.

இச்சாலையின் காப்பகப் பகுதியை மூடுமாறு 2002-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எனினும் போக்குவரத்து தொடர்ந்தது. உணவுக்காக ஜாரவா பெண்கள் ஆடவைக்கப்பட்ட காணொலி 2012-இல் வெளியாகி நாடெங்கும் கண்டனத்தை எழுப்பியது. 2013 தொடக்கத்தில் சுற்றுலா வாகனங்களுக்கு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சில வாரங்களில் அது விலக்கப்பட்டது. சாலை இன்றும் திறந்தே உள்ளது.

இங்கு சிறு குழுவுக்கு ஒரு தெரிவு உண்டு. ஸ்வராஜ் தீவிலிருந்து லாங் தீவு, ரங்கத் ஆகிய இடங்களுக்கு அரசுப் படகுகள் இயக்கப்படுகின்றன. அவற்றைப் பயன்படுத்தினால் காப்பகத்தைக் கடக்காமலேயே வடக்கு நோக்கிச் செல்லலாம். இருக்கைகள் குறைவான இப்படகுகளில் பத்துப் பேருக்கு முன்பதிவு கிடைக்கலாம். ஐம்பது பேருக்குக் கிடைப்பது அரிது.

பயண வரிசை எவ்வாறு அமைய வேண்டும்?

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை உகந்த காலம். மே முதல் தென்மேற்குப் பருவமழையால் கடல் கொந்தளிப்பாக இருக்கும். படகுகள் ரத்தாவதும் உண்டு.

ஒரு வாரப் பயணமாயின், கடல் நடவடிக்கைகளை முதலிலும் காட்டு நடையை இறுதியிலும் வைப்பது நல்லது. இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. ஸ்கூபா முறையில் ஆழத்தில் மூழ்குபவரின் உடலில் நைட்ரஜன் வாயு கரைந்து சேர்கிறது. அது வெளியேறும் முன் விமானத்தில் உயரே சென்றால், குமிழ்களாக மாறி உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே கடைசியாக மூழ்கியதற்கும் விமானத்துக்கும் இடையே குறைந்தது 18 மணி நேர இடைவெளி பரிந்துரைக்கப்படுகிறது. இரண்டாவதாக, படகு ரத்தானாலும் விமானத்தைத் தவறவிடாமல் இருக்க, புறப்படும் நாளுக்கு முந்தைய நாளே தலைநகருக்குத் திரும்பிவிட வேண்டும். அந்த நாளை மவுண்ட் மணிப்பூர் நடைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

முன்பதிவுக்கு முன் கேட்க வேண்டியவை

ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? கடலில் உடன் நீந்துபவர் யார்? படகு ரத்தானால் மாற்று ஏற்பாடு என்ன? மருத்துவ அவசரத்தில் தலைநகருக்கு எவ்வாறு கொண்டுசெல்லப்படுவோம்? காப்பகச் சாலை பயணத் திட்டத்தில் உள்ளதா? இவ்வைந்து கேள்விகளுக்கும் தெளிவான விடை தராத ஏற்பாட்டாளரைத் தவிர்ப்பது நலம்.

சிறு குழு என்ற பெயர் மட்டுமே போதுமானதல்ல. பத்துச் சிறு குழுக்கள் ஒரே நேரத்தில் ஒரே பவளப்பாறைக்கு மேல் இறங்கினால் அதுவும் ஒரு பெருங்கூட்டமே. நேரத்தை மாற்றிக்கொள்வது, படகுக்குக் காத்திருப்பது, ஒரு சாலையைத் தவிர்ப்பது ஆகியவை சிறு குழுவுக்கு எளிதில் இயலும். அவற்றைச் செய்யும்போதுதான் இத்தகைய பயணம் தீவுக்கும் பயணிக்கும் பாதுகாப்பானதாக அமையும்.