செயற்றிட்ட அறிக்கைக்கு ஓர் ஒழுங்கு

மென்பொருட் செயற்றிட்டம் ஒன்றைச் செய்து முடித்த மாணவர் பலர், "வேலை முடிந்துவிட்டது, இனி அறிக்கைதானே!" என்று கூறக் கேட்கின்றோம். மாதக் கணக்கிற் கண்விழித்து ஆக்கிய செய்நிரலுக்கு, இரண்டொரு நாளில் அறிக்கை எழுதிவிடலாம் என்பது அவர்தம் எண்ணம். ஆயின், ஆக்கியவர் மேற்படிப்புக்கோ உத்தியோகத்துக்கோ ஊரைவிட்டுப் போனபின், அதனைத் திருத்த முன்வருபவருக்குத் துணை நிற்பது அவ்வறிக்கையே அன்றோ?

இதனை உணர நாம் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. அமெரிக்கரான வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1848 ஆம் ஆண்டு மானிப்பாய்க்கு வந்து வைத்தியம் கற்பித்தார். 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். வைத்திய நூல்களை மாணவர் துணையுடன் தமிழாக்கிய அவர், கலைச்சொற்களுக்கு ஒரு நியதி வகுத்துக்கொண்டார். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுதல்; கிடையாதவிடத்து வடசொல்லை நாடுதல்; அதுவும் பொருந்தாவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதுதல். 1867 இல் வெளிவந்த 'இரண வைத்தியம்', 1875 இல் வெளிவந்த 'கெமிஸ்தம்' என்னும் பெயர்களே இதற்குச் சான்று. கலைச்சொற்றொகுதிகளையும் அவர் வெளியிட்டார். 1873 இல் அவர் தாயகம் திரும்பினார். நூல்களோ இங்கே நிலைத்தன.

இந்நியதி செயற்றிட்ட அறிக்கைக்கும் ஏற்றதே. மாணவி ஒருத்தி தன் ஊர் வாசிகசாலைக்குப் புத்தகம் இரவல் கொடுக்கும் முறைமை ஒன்றை ஆக்கினாள் என வைத்துக்கொள்வோம். ஓரிடத்தில் 'அங்கத்தவர்', மற்றோரிடத்தில் 'வாசகர்', வேறோரிடத்திற் 'பயனர்' என்று ஒருவரையே மூன்று பெயரால் அவள் குறித்தால், படிப்பவர் மூவர் உளரென்று மயங்குவார். ஒரு பொருளுக்கு ஒரு சொல்லே வேண்டும். அருஞ்சொற்களுக்கு ஓர் அட்டவணையும் வேண்டும்.

அத்தியாயங்களின் வரிசை, கேள்விகளின் வரிசையாக அமைதல் நன்று. வாசிகசாலையில் இருந்த குறை யாது? அங்குள்ளோர் வேண்டியது யாது? அதற்கென வகுத்த வடிவமைப்பு யாது? அது செய்நிரலாகியது எங்ஙனம்? சோதித்தபோது கண்டது யாது? இவற்றுக்கு முன்னே ஒரு பக்கச் சாராம்சமும் பொருளடக்கமும், பின்னே முடிவுரையும் உசாத்துணையும் வரும். செய்நிரல் முழுவதையும் நடுவிற் கொட்டிப் பக்கம் பெருக்குதல் கூடாது; இன்றியமையாப் பகுதியை மட்டும் விளக்கி, ஏனையவற்றைப் பின்னிணைப்பிற் சேர்த்தல் வேண்டும்.

தோற்றத்திலும் கவனம் வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் அட்டவணைக்கும் இலக்கமும் தலைப்பும் இட்டு, வாசகத்தில் அவ்விலக்கத்தைச் சுட்டுக. தலைப்புகளுக்குக் கணினியிலுள்ள தலைப்புப் பாணியையே பயன்படுத்தினால், பொருளடக்கத்தைக் கணினியே ஆக்கித் தரும். கட்டுவதற்கென இடப்புறத்தில் அதிக இடம் விடுக. தமிழை யுனிக்கோட்டிலே தட்டெழுதுக. பாமினி போன்ற பழைய எழுத்துருவிலாயின், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் தமிழ் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய்த் தோன்றும்.

இறுதியாக ஒன்று. சோதித்தல் என்னும் அத்தியாயத்தில் வெற்றிகளை மட்டும் அடுக்குதல் பலர் வழக்கம். இரவல் திகதி கடந்த புத்தகத்துக்குத் தண்டப்பணம் பிழையாகக் கணிக்கப்பட்டதாயின், அதனையும் எழுதுக. பரீட்சகர் அதனாற் புள்ளியைக் குறைத்துவிடுவாரோ என அஞ்சற்க. தன் பிழையைத் தானே கண்டு உரைப்பவர், தம் வேலையை உணர்ந்தவர் ஆவர். மறைத்த பிழையோ, நாளை வாசிகசாலை மேசையில் இருப்பவரின் தலையில் விழும்.

வைத்தியர் கிறீனின் பெயர் தாங்கிய வைத்தியசாலை மானிப்பாயில் இன்றும் உள்ளது. அவ்வழியே செல்லும் மாணவ மணிகள், தம் அறிக்கையைத் தமக்குப் பின் யார் படிப்பார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பாராக.