பவளத் தொட்டியில் புழு நத்தை

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்போருக்கு எல்லா நத்தைகளும் எதிரிகள் அல்ல. கண்ணாடியில் படியும் பாசியை மேய்வதற்கென்றே சில நத்தைகளைக் காசு கொடுத்து வாங்கி விடுகிறோம். ஆயர் ஈத்தாமில், எங்கள் அடுக்குமாடி வீட்டில் நான் வளர்க்கும் பவளங்களுக்குத் தொல்லை தருவது, இடம் விட்டு நகராத புழு நத்தை.

பவளம் ஒட்டியிருக்கும் கல்லோடு ஒளிந்து வரும் இது, ஓட்டைக் கல்லில் பதித்துக்கொண்டு கோணல்மாணலான குழாயாக வளரும். இரை தேடிப் போக முடியாததால் சளியை வலைபோல் நீரில் விரிக்கும். மிதக்கும் துணுக்குகள் ஒட்டியதும் வலையோடு இழுத்துத் தின்னும். அந்தச் சளி மேலே படியப் படியப் பவளம் விரியாமல் சுருங்கும். பசிபிக் கடலின் மூரியா தீவில் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட கட்டுரை, புழு நத்தையால் பவளத்தின் வளர்ச்சி 81 விழுக்காடு வரை குறைவதாகக் கூறுகிறது.

"மருந்து ஊற்றினால் என்ன?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நத்தையைக் கொல்லும் செம்பு மருந்து இறாலையும் பவளத்தையும் சேர்த்தே கொன்றுவிடும். ஆகவே கைவேலைதான்.

முதலில் நீரோட்டப் பம்பை நிறுத்தி, தூள் தீனியைச் சிறிது தூவுகிறேன். சில நிமிடங்களில் வலைகள் வெளிப்பட்டு, நத்தை இருக்கும் இடம் தெரிந்துவிடும். வெளியே எடுக்கக்கூடிய கல்லாயின், குறட்டால் குழாயை அடியோடு நொறுக்க வேண்டும். நுனியை மட்டும் உடைத்தால் நத்தை உள்ளே பதுங்கிப் பிழைத்துக்கொள்ளும். எடுக்க முடியாத இடத்தில், களிம்புபோன்ற சூப்பர் குளூவால் குழாயின் வாயை அடைத்துவிடுகிறேன். அது நீருக்குள்ளும் இறுகும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொன்றால் அழுகி அம்மோனியா கூடும். எனவே வாரத்திற்குக் கொஞ்சம். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பொத்தான் பவளங்கள் சிலவற்றில் கொடிய நஞ்சு உண்டு.

பல இனங்களில் குஞ்சுகள் தாயின் ஓட்டிலிருந்தே ஊர்ந்து வெளிவரும். அதனால் ஒரு முறையோடு வேலை முடியாது. தூள் தீனியைக் குறைப்பதே பெருக்கத்தைத் தணிக்கும்.

கழித்த கல்லைக் கடலில் போடுவது மட்டும் கூடாது. அமெரிக்காவின் புளோரிடா அருகே 2009-இல் மூழ்கடிக்கப்பட்ட வாண்டன்பெர்க் கப்பலில், அவ்வட்டாரத்துக்கு அந்நியமான ஒரு புழு நத்தை பரவியிருப்பதை 2017-இல் அறிவித்தார்கள். தெலுக் பாஹாங் கடல் எனக்குப் பக்கம்தான்; ஆனாலும் கல்லை வெயிலில் பல நாள் காயவைத்துக் குப்பையில்தான் போடுகிறேன்.