கடவுச்சீட்டு சேவைத் திட்டம்

கடவுச்சீட்டு சேவைத் திட்டம் என்பது பாஸ்போர்ட் வழங்கும் முறையை மாற்றியமைக்க இந்திய வெளியுறவு அமைச்சகம் மேற்கொண்ட நிர்வாகச் சீர்திருத்தத் திட்டமாகும். 2006இல் அறிவிக்கப்பட்ட தேசிய மின்னாளுகைத் திட்டத்தின்கீழ் வந்த முனைப்புத் திட்டங்களுள் இதுவும் ஒன்று. பணி ஒழுங்கு, தொழில்நுட்பம், பணியாளர் அமைப்பு ஆகிய மூன்றையும் ஒருசேர மாற்றியதால், அரசுத்துறைச் சீர்திருத்தத்தைப் பயில்வோருக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

பின்னணி

இந்தியாவில் கடவுச்சீட்டு வழங்குதல் 1967ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டத்தின்படி நடைபெறுகிறது. வெளிநாட்டு வேலை, உயர்கல்வி, சுற்றுலா ஆகியவை பெருகப் பெருக விண்ணப்பங்களும் பெருகின. ஆனால் அலுவலகங்கள் பழைய முறையிலேயே இயங்கின. காகிதக் கோப்பு மேசைக்கு மேசை நகர்ந்தது. ஒரு சான்று குறைந்தால் அதைத் தெரிவிக்கும் கடிதம் பல நாள் கழித்தே வந்தது. கோப்பு எங்கே இருக்கிறது என்பது விண்ணப்பித்தவருக்குத் தெரியாது. அந்த இருட்டில்தான் இடைத்தரகர்கள் பிழைத்தார்கள். வளைகுடா வேலைக்குப் புறப்படும் தொழிலாளிக்கு ஒரு மாதத் தாமதம் என்பது கைக்கு வந்த வேலையே போய்விடுவதாக முடியலாம்.

2007இல் மத்திய அமைச்சரவை இத்திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2008இல் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2010இல் கர்நாடகத்திலும் சண்டிகர் வட்டாரத்திலும் முன்னோட்ட மையங்கள் திறக்கப்பட்டன. 2012ஆம் ஆண்டு நடுப்பகுதிக்குள் நாடெங்கும் 77 சேவை மையங்கள் செயல்படத் தொடங்கின. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சிராப்பள்ளி, கோயம்புத்தூர் மண்டல அலுவலகங்களின்கீழ் இம்மையங்கள் இயங்குகின்றன.

பணி ஒழுங்கில் மாற்றம்

இத்திட்டத்தின் மையக் கருத்து ஒரு எளிய கேள்வியிலிருந்து பிறந்தது: கடவுச்சீட்டு வழங்கும் வேலையில் அரசு அதிகாரி மட்டுமே செய்யவேண்டிய பகுதி எது? விடைக்கு ஏற்ப வேலை மூன்று முகப்புகளாகப் பிரிக்கப்பட்டது.

ஏ முகப்பில் தனியார் நிறுவனப் பணியாளர் சான்றுகளை வருடி எடுத்து, நிழற்படமும் கைரேகையும் பதிவு செய்வார். பி முகப்பில் அரசு அலுவலர் அச்சான்றுகளைச் சரிபார்ப்பார். சி முகப்பில் வழங்கல் அதிகாரி முடிவெடுப்பார். விண்ணப்பதாரர் ஒரு வரிசை எண்ணுடன் மூன்றையும் ஒரே நாளில் கடந்துவிடுகிறார். ஏதேனும் சான்று குறைந்தால் அதுவும் அன்றே தெரிந்துவிடுகிறது. கடவுச்சீட்டு அச்சிடப்படுவது மண்டல அலுவலகத்தில். பிறகு அது விரைவு அஞ்சலில் வீடு சேர்கிறது.

தொழில்நுட்பம்

விண்ணப்பமும் கட்டணமும் முன்பதிவும் இணையவழிக்கு மாறின. எல்லா மையங்களும் ஒரே தரவுத்தளத்துடன் இணைக்கப்பட்டதால், ஏ முகப்பில் பதிவான சான்றை அடுத்த முகப்பில் இருப்பவர் தம் திரையிலேயே காண்கிறார். விண்ணப்பத்தின் நிலையை இணையத்திலும் குறுஞ்செய்தியிலும் அறியலாம். கோப்பின் இருப்பிடம் பொதுவில் தெரிந்ததும், அதை விசாரித்துச் சொல்லக் காசு வாங்கியவர்களின் தேவை குறைந்தது.

பணியாளரும் தனியாரும்

தனியாரைச் சேர்ப்பதற்கு ஊழியர் தரப்பில் எதிர்ப்பு எழுந்தது. குடிமக்களின் தனிப்பட்ட விவரங்கள் தனியார் கையில் போகுமே என்ற கவலையும் இருந்தது. இதற்கு ஒப்பந்த அமைப்பிலேயே இரண்டு வரம்புகள் வைக்கப்பட்டன. முதலாவது, சரிபார்த்தலும் வழங்கலும் அரசு அலுவலரிடமே இருக்கும். இரண்டாவது, தரவுகளும் அடிப்படை மென்பொருளும் அரசின் உடைமையாகவே இருக்கும். தட்டச்சு, கோப்பு அடுக்குதல் போன்ற வேலைகளிலிருந்து விடுபட்ட அரசு அலுவலர்களின் நேரம் ஆய்வுக்கும் முடிவெடுப்பதற்கும் திரும்பியது.

விதிகளில் தளர்வு

கணினி வந்த பிறகும் சில தடைகள் விதிகளிலேயே இருந்தன. 26-01-1989 அன்றோ அதன் பின்னரோ பிறந்தவர்கள் பிறப்புச் சான்றிதழையே கட்டாயம் காட்டவேண்டியிருந்தது. 2016 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தளர்வுகளின்படி பள்ளிச் சான்று, ஆதார், பான் அட்டை போன்றவையும் ஏற்கப்பட்டன. தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயர் மட்டும் தந்தாலே போதும் என்றானது. பல உறுதிமொழிப் பத்திரங்களுக்குப் பதிலாக வெள்ளைத்தாளில் எழுதிய தன்னுறுதிமொழி ஏற்கப்பட்டது. தனித்து வாழும் தாய்மாருக்கும் பிறப்பைப் பதிவு செய்யாத குடும்பங்களுக்கும் இம்மாற்றம் பெரிய உதவி.

காவல்துறை விசாரணை

அமைச்சகத்தின் கை எட்டாத இடத்தில் வேகம் குறைந்தது. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணைப்படி கடவுச்சீட்டு ஒன்றியப் பட்டியலிலும் காவல்துறை மாநிலப் பட்டியலிலும் உள்ளன. முகவரியையும் குற்றப் பின்னணியையும் விசாரிப்பது மாநிலக் காவல்துறை. மையத்தில் ஒரே நாளில் முடிந்த விண்ணப்பம் காவல் நிலையத்தில் வாரக்கணக்கில் தங்கியதும் உண்டு. விசாரணைக்கு வரும் காவலர் கைநீட்டுகிறார் என்ற புகாரும் நீங்கவில்லை. விசாரணை அறிக்கையைக் களத்திலிருந்தே அனுப்பக் கைக்கணினிச் செயலி பின்னர் அறிமுகமானது. அதைப் பின்பற்றும் வேகம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது.

அணுகலும் குறைகளும்

தொடக்கத்தில் மையங்கள் பெரும்பாலும் நகரங்களில் அமைந்ததால் தொலைவிலிருந்து வருவோர் ஒரு நாள் கூலியை இழந்தனர். இதைக் குறைக்க 2017 முதல் அஞ்சல் அலுவலகங்களில் சேவை மையங்கள் திறக்கப்பட்டன. இன்று இவை 400க்கும் மேல் உள்ளன. இணையம் கைவராதவர்கள் படிவம் நிரப்பப் பொதுச் சேவை மையங்களையோ கணினிக் கடைகளையோ நாடவேண்டியுள்ளது. அரசுத் தளம்போலத் தோன்றும் போலி இணையதளங்கள் குறித்தும் அமைச்சகம் தொடர்ந்து எச்சரிக்கிறது.

மதிப்பீடு

பழைய நடைமுறையை மாற்றாமல் கணினியை மட்டும் வைத்திருந்தால், காகிதக் கோப்பின் இடத்தில் மின்கோப்பு தேங்கியிருக்கும். யார் எந்த வேலையைச் செய்வது, எந்தச் சான்று உண்மையிலேயே தேவை என்பவற்றை முதலில் தீர்மானித்த இடங்களில் இத்திட்டம் பலன் தந்தது. பல அதிகார அமைப்புகள் சந்திக்கும் காவல் விசாரணையில் அத்தகைய தீர்வு இன்னும் முழுமை பெறவில்லை. பிற துறைகளைச் சீர்திருத்த முனைவோர் இந்த இரண்டு பகுதிகளையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.