மெலடோனின் மாத்திரை புற்றுநோயைத் தடுக்குமா?

வணிக நண்பர்களே, தூக்கம் வராதவர்கள் சாப்பிடும் மெலடோனின் மாத்திரை, புற்றுநோய் பரவுவதையும் தடுக்கும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. வீட்டில் நோயாளி இருப்பவர்கள், மளிகைச் சீட்டை நீட்டும்போதே "அண்ணாச்சி, அந்த மாத்திரை உங்களிடம் வருமா?" என்று கேட்கிறார்கள். மொத்த விலைக்குக் கிடைக்குமா என்று நம்மிடம் விசாரித்த சில்லறைக் கடைக்காரர்களும் உண்டு. புளியோ மிளகாயோ என்றால் கையில் எடுத்துப் பார்த்துத் தரம் சொல்லிவிடலாம். இது உயிர் விஷயம். ஆகவே விசாரித்து அறிந்ததை எழுதுகிறோம்.

மெலடோனின் நம் உடம்பிலேயே ஊறும் பொருள்தான். மூளையின் நடுவே சிறு பட்டாணி அளவில் பினியல் என்றொரு சுரப்பி இருக்கிறது. பொழுது சாய்ந்து இருட்டியதும் அது மெலடோனினைச் சுரக்கத் தொடங்கும். நள்ளிரவுக்குப் பின் உச்சத்துக்குப் போய், விடியும்போது வற்றிவிடும். 1958-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் என்ற தோல் மருத்துவர், மாடுகளின் பினியல் சுரப்பிகளிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். அவர் தேடியது தோலின் நிறத்தை மாற்றும் பொருளை. கிடைத்ததோ இரவின் ஹார்மோன். இரவில் பலமான வெளிச்சம் பட்டால் மனிதருக்கு இது சுரப்பது குறைந்துவிடும் என்பதை 1980-ல் ஆல்ஃபிரட் லூயி என்பவரின் குழு காட்டியது.

இதற்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்? 2005-ல் டேவிட் பிளாஸ்க் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் கூட்டாளிகளும் வெளியிட்ட சோதனையைச் சொல்லலாம். எலிகளின் உடம்பில் மனித மார்பகப் புற்றுக் கட்டியை வளர்த்தார்கள். ஆரோக்கியமான பெண்களிடம் பகலில் ஒரு முறை, இரவில் இருட்டில் ஒரு முறை, இரவில் பிரகாசமான விளக்கின் முன் உட்கார வைத்த பிறகு ஒரு முறை என்று இரத்தம் எடுத்து, அதைக் கட்டிக்குள் ஓடவிட்டுப் பார்த்தார்கள். இருட்டில் எடுத்த இரத்தம் கட்டியின் வளர்ச்சியை அடக்கியது. பகல் இரத்தத்திற்கு அந்தச் சக்தி இல்லை. இரவில் எடுத்ததே ஆனாலும், விளக்கு வெளிச்சம் பட்ட இரத்தமும் பகல் இரத்தம் போலவே ஆகிவிட்டது.

கட்டி லினோலிக் அமிலம் என்ற கொழுப்பை உறிஞ்சி வளர்கிறது, மெலடோனின் அந்த உறிஞ்சலைத் தடுக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இந்த அமிலம் நாம் விற்கும் சூரியகாந்தி எண்ணெயில் நிறைய உண்டு. அதற்காக யாரும் டின்னைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. உடம்புக்கு வேண்டிய கொழுப்பு அது; எண்ணெயால் புற்று வரும் என்று அந்தச் சோதனை சொல்லவில்லை.

புற்றுநோயில் உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் முதலில் வந்த கட்டியல்ல, அது பரவுவதுதான். கட்டியிலிருந்து பிரிந்த செல்கள் இரத்தத்தோடு போய் எலும்பு, நுரையீரல், ஈரல் என்று கிளை திறக்கின்றன. கிளை திறந்தால் சரக்கு வர வழி வேண்டுமே! கட்டி தனக்கென்று புது இரத்தக் குழாய்களைப் போட்டுக்கொள்கிறது. 2014-ல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் வளர்த்த மார்பகக் கட்டிக்கு மெலடோனின் கொடுத்துப் பார்த்தபோது, கட்டி அவ்வளவாக வளரவில்லை. இரத்தக் குழாய்களும் குறைந்தன. ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுச் செல்கள் இடம் நகர்வதும் மெலடோனினால் குறைந்திருக்கிறது. ஊரில் உலவும் பேச்சுக்கு வேர் இதுதான். பொய் என்று தள்ள முடியாது. ஆனால் எலி வேறு, மனிதர் வேறு.

நோயாளிகளிடமும் சோதித்திருக்கிறார்கள். 1990-களில் இத்தாலியின் மொன்சா நகரில் பாவ்லோ லிசோனி என்ற மருத்துவர், தினம் இரவு 20 மில்லிகிராம் கொடுத்ததில் நோயாளிகளின் ஆயுள் கூடியதாக எழுதினார். அவை பெரும்பாலும் சிறிய சோதனைகள். யாருக்கு மருந்து, யாருக்கு இல்லை என்பது தெரிந்தே நடந்தவை. அதன் பிறகு கனடாவில் சரியான தராசில் நிறுத்தார்கள். நுரையீரல் புற்றுக்கு அறுவை சிகிச்சை முடிந்த 709 பேரில் ஒரு பகுதியினருக்கு ஓராண்டு முழுக்க அதே 20 மில்லிகிராம், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. 2021-ல் முடிவு வந்தது. இரண்டு ஆண்டுக் கணக்கில், நோய் திரும்பாமல் இருப்பதில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. மூளைக்குப் பரவியவர்களிடம் செய்து 2007-ல் வெளியான அமெரிக்கச் சோதனையிலும் பலன் தெரியவில்லை.

இரவு வேலை விஷயம் நம் தொழிலைத் தொடுகிறது. லாரி வருவதும் மூட்டை இறங்குவதும் பல மண்டிகளில் இரவில்தான். 30 ஆண்டுக்கு மேல் மாறி மாறி இரவுப் பணி பார்த்த அமெரிக்க நர்சுகளுக்கு மார்பகப் புற்று 36 சதவீதம் அதிகம் என்று 2001-ல் ஓர் ஆய்வு கூறியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இரவுப் பணியைப் 'புற்று உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் 2007-ல் சேர்த்து, 2019-ல் மீண்டும் உறுதி செய்தது. டென்மார்க்கில் சில பெண்களுக்கு நஷ்டஈடே கிடைத்தது. எனினும் 2016-ல் பிரிட்டனில் பல லட்சம் பெண்களின் கணக்கைப் பார்த்தவர்கள் அப்படி ஒரு தொடர்பைக் காணவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். இருந்தாலும் இரவில் மூட்டை இறக்கிய ஆட்கள் பகலில் படுக்க, ஜன்னலுக்குக் கனத்த திரை போட்ட ஓர் அறை ஒதுக்குவதில் முதலாளிக்குப் பெரிய செலவில்லை.

கடையில் கேட்பவர்களுக்கு வருவோம். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். மாத்திரையை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டால், சிகிச்சையில் அடங்கியிருக்க வேண்டிய நோய் கை மீறிவிடும்.

சரக்கின் லட்சணத்தையும் கேளுங்கள். அமெரிக்காவில் மிட்டாய் வடிவில் விற்ற மெலடோனின் 25 வகைகளைச் சோதித்து 2023-ல் வெளியிட்டார்கள். 22 வகைகளில் லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. ஒன்றில் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. இன்னொன்றில் மெலடோனினே இல்லை. இப்படிப்பட்ட சரக்குக்கு நாம் ஆர்டர் கொடுப்பதாக இல்லை. விலை கேட்ட கடைக்காரர்களிடமும் அப்படியே சொல்லிவிட்டோம்.