ஏரி அரிசிக்கு அரை மணி, வயல் அரிசிக்கு ஐந்து மணி

நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை, அமெரிக்க வீடுகளில் தேங்க்ஸ்கிவிங் விருந்து. நடுவில் வான்கோழி இருக்கும். அதை எந்த வீட்டில் சாப்பிட்டாலும் ஏறக்குறைய ஒரே ருசிதான். இது எந்த ஊர்ச் சமையல் என்று காட்டிக்கொடுப்பவை அதைச் சுற்றி வைத்திருக்கும் சைட் டிஷ்கள். மினசோட்டா, விஸ்கான்சின் பக்கம் என்றால், கரும்பழுப்பு நிறத்தில் நீளநீளமாக வெடித்து மலர்ந்த ஒரு தானியம் மேசைக்கு வந்துவிடும். ஊடே சிவப்புச் சிவப்பாகக் கிரான்பெர்ரிப் பழம். அந்தத் தானியத்தை வைல்ட் ரைஸ் என்பார்கள்.

பெயரில் ரைஸ் இருந்தாலும் இது நெல் அல்ல. நெல்லுக்குத் தூரத்து உறவான ஜிஸானியா என்ற நீர்ப்புல்லின் மணி. கடையில் கறுப்பாக ஓர் அரிசியைப் பார்த்ததும் இதுதான் அது என்று வாங்கிவிடாதீர்கள். நம் கறுப்புக் கவுனி வேறு, இது வேறு. இதன் மணி ஊசிபோல மெலிந்து நீண்டிருக்கும். தவிடு நீக்காத முழுத்தானியமாகவே விற்பனைக்கு வரும்.

ஆழமில்லாத ஏரிகளிலும் மெல்ல ஓடும் ஆறுகளிலும் தானாக முளைக்கும் இந்தப் புல்லை நம்பி வாழ்ந்தவர்கள் ஒஜிப்வே பழங்குடியினர். அவர்கள் மொழியில் இது மனோமின். தண்ணீரின் மேல் உணவு விளையும் இடம் வரும்வரை மேற்கே போங்கள் என்ற வாக்கை ஏற்று, கிழக்குக் கடற்கரையிலிருந்து ஏரிகளின் நாட்டுக்கு வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களின் வாய்மொழி வரலாறு. இன்றும் ஆகஸ்ட் கடைசியில் கதிர் முற்றியதும் இரண்டு பேராக ஓடத்தில் இறங்குகிறார்கள். ஒருவர் கழி ஊன்றி ஓடத்தைத் தள்ள, மற்றவர் ஒரு குச்சியால் கதிரை ஓடத்துக்குள் வளைத்து இன்னொரு குச்சியால் தட்டுவார். முற்றிய மணி மட்டும் உதிரும். முற்றாதது அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும். தண்ணீரில் விழுந்தது அடுத்த ஆண்டுக்கு விதை. ஏரியை யாரும் சுரண்டிவிடக் கூடாது என்பதற்காக மினசோட்டா அரசும் கணக்குப் பார்த்து விதி போட்டிருக்கிறது: ஓடம் 18 அடி நீளத்துக்கும் 36 அங்குல அகலத்துக்கும் மேல் போகக் கூடாது; குச்சி 30 அங்குலத்துக்குள், எடை ஒரு பவுண்டுக்குள் இருக்க வேண்டும்.

கரைக்கு வந்த மணியை இரும்புக் கொப்பரையில் விறகுத் தீயில் வறுத்து, குழியில் கொட்டி, மென்தோல் காலணி அணிந்து மிதித்து உமி பிரித்து, பிர்ச் மரப்பட்டைத் தட்டில் புடைக்கிறார்கள். இந்த மிதியிலும் உரசலிலும் மேல்தோல் சற்றுத் தேய்ந்துவிடும். அதனால் ஏரி அரிசி பழுப்பாகவோ லேசான பச்சை கலந்தோ இருக்கும். வேக 20 முதல் 30 நிமிடம் போதும். புகைவாசனை கூடவே வரும்.

கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது இதுவல்ல. 1950-களில் மினசோட்டாவில் பாத்தி கட்டி, நீர் தேக்கி, இந்தப் புல்லைப் பயிரிடத் தொடங்கினார்கள். பின்னாளில் கலிஃபோர்னியாவும் பெரிய அளவில் இறங்கியது. இயந்திரத்தில் அறுத்து, ஈரத்தோடு குவித்துப் பதப்படுத்தி, ஆலையில் உலர்த்துவதால் வயல் அரிசி பளபளவென்று கறுத்திருக்கும். தோலும் கெட்டி. ஒரு மணி நேரம் கொதித்தாலும் சில மணிகள் பல்லுக்கு அகப்பட்டு முரண்டு பிடிக்கும். 1977-ல் மினசோட்டா வைல்ட் ரைஸை மாநிலத் தானியமாக அறிவித்தது. வயலில் விளைந்ததென்றால் பொட்டலத்தில் ‘பேடி குரோன்’ என்று அச்சிட வேண்டும் என்ற சட்டமும் அங்கே உண்டு.

இந்தக் கறுப்பு மணிக்குத்தான் ஸ்லோ குக்கர் பொருத்தம். அந்தக் கருவிக்கே ஒரு கதை உண்டு. வாரத்தின் ஓய்வுநாளில் அடுப்பு மூட்டாத யூதர்கள், சோலன்ட் என்ற குழம்பு வகையை வெள்ளிக்கிழமை மாலையே ரொட்டிக்கடை அடுப்பில் வைத்து, ஆறிக்கொண்டிருக்கும் அந்தச் சூட்டில் இரவு முழுக்க வேகவிடுவது லிதுவேனியாவில் வழக்கம். அம்மா சொன்ன இந்த விஷயத்தை மனதில் வைத்து, சிகாகோவைச் சேர்ந்த இர்விங் நாக்ஸன் மின்சாரப் பானை ஒன்றை உருவாக்கி 1940-ல் காப்புரிமை பெற்றார். 1970-ல் அவர் நிறுவனத்தை வாங்கிய ரைவல், அடுத்த ஆண்டே அதைக் கிராக் பாட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் போட்டுவிட்டு மாலையில் எடுத்துக்கொண்டார்கள்.

செய்முறை எளிது. ஒன்றரைக் கப் கறுப்பு வைல்ட் ரைஸைத் தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். ஒரு கரண்டி வெண்ணெயில் நறுக்கிய வெங்காயம், செலரித் தண்டு, ஒரு கை காளான் ஆகியவற்றை வதக்கிப் பானையில் சேருங்கள். மூன்றரைக் கப் கோழி அல்லது காய்கறி வேகவைத்த சாறு, அரைத் தேக்கரண்டி உப்பு, மிளகுத்தூள், கொஞ்சம் தைம் இலை. மூடி போட்டு ‘லோ’வில் நாலிலிருந்து ஐந்து மணி நேரம். இடையில் மூடியைத் திறந்து பார்க்கும் கை அரிப்பை அடக்கிக்கொள்ள வேண்டும். திறக்கும் ஒவ்வொரு தடவையும் சூடு இறங்கி நேரம் நீளும். ஆவி வெளியேறாத பாத்திரம் என்பதால் அடுப்பில் வைப்பதைவிடத் தண்ணீர் குறைவாகவே பிடிக்கும். பாதிக்கு மேல் மணிகள் நீளவாக்கில் வெடித்து, உள்ளே இருக்கும் வெளுப்பு தெரிந்தால் பதம். எல்லாமே சுருண்டு மலரும்வரை விட்டால் கூழ். சாறு மிஞ்சினால் வடித்துவிடுங்கள், குற்றமில்லை.

பழத்தை எப்போது போடுவது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கிரான்பெர்ரி நல்ல புளிப்பு. உலர்ந்ததாக விற்பதில் சர்க்கரையும் ஏற்றியிருப்பார்கள். தானியத்தோடு தொடக்கத்திலேயே போட்டால் பழம் கரைந்து, நிறம் எல்லா மணியிலும் ஏறி, பாத்திரம் முழுக்க ஒரே இனிப்புப் புளிப்பாகிவிடும். வெந்து முடிந்த பிறகு அரைக் கப் உலர்ந்த பழத்தைப் போட்டு, இன்னும் கால் மணி நேரம் மூடிவைத்தால் போதும். பழம் சாறு குடித்து உப்பும், ஆனால் உடையாது. வறுத்த பீக்கன் பருப்பைப் பரிமாறும்போது தூவுங்கள். பீக்கன் இல்லையென்றால் பாதாம். கிரான்பெர்ரிக்குப் பதில் உலர்திராட்சை போடலாமா என்றால், போடலாம். ஆனால் புளிப்பு இருக்காது. ஓர் எலுமிச்சை மூடியைப் பிழிந்து ஈடுகட்டுங்கள்.

ஸ்லோ குக்கர் இல்லாவிட்டால் அடிகனமான பாத்திரத்தில் சாற்றைக் கூட்டி ஊற்றி, சிறுதீயில் ஒரு மணி நேரம் வேகவையுங்கள். கையால் அறுத்த பழுப்பு ஏரி அரிசி கிடைத்தாலோ ஸ்லோ குக்கர் பக்கமே போகக் கூடாது. அரை மணியில் மலர்வதை ஐந்து மணி வேகவிட்டால் புகைவாசனையும் போய், மணியும் போய்விடும்.

இந்தப் புல்லுக்கு இன்று ஆபத்து தண்ணீரிலிருந்துதான் வருகிறது. நீர்மட்டம் கூடினாலும் குறைந்தாலும், சல்பேட் கலந்தாலும் விளைச்சல் படுத்துவிடும். 2018-ல் மினசோட்டாவின் ஒயிட் எர்த் ஒஜிப்வே மக்கள், மனோமினுக்குத் தழைத்து வாழும் உரிமை உண்டென்று தங்கள் பழங்குடிச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். மினியாபொலிஸ் பக்கத்திலிருந்து உறவினர் யாராவது ஊருக்கு வந்தால், சாக்லேட்டுக்குப் பதில் ஒஜிப்வே மக்கள் கையால் அறுத்து விற்கும் ஏரி அரிசி ஒரு பொட்டலம் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தக் காசு அவர்களுக்கே போய்ச் சேரும்.