தோர்ணக்கல்லில் ஒரு தமிழர்: பிடி அரிசியும் சமய வாழ்வும்

நிஜாம் சீமைக்கு வந்த தமிழர்கள் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது ரயில்வே, ராணுவம், கணக்கு வேலை, ஓட்டல், இந்த நான்குதான். செகந்திராபாத், லாலாகூடா, மல்காஜ்கிரி என்று நம்மவர் குடியேறிய இடங்களும் பெரும்பாலும் தண்டவாளத்தை ஒட்டியே இருக்கின்றன. அதே தண்டவாளத்தில் மௌலாலியைத் தாண்டி, காசிப்பேட்டையையும் கடந்து சுமார் 200 கிலோமீட்டர் போனால் தோர்ணக்கல் ஜங்ஷன் வரும். விஜயவாடா போகிறவர்கள் அங்கே ஜன்னல் வழியாக டீ வாங்கியிருப்பார்கள். அந்த ஊரில் 35 ஆண்டுக்காலம் வாழ்ந்து, அங்கேயே காலமான ஒரு திருநெல்வேலித் தமிழரைப் பற்றி நம் வாசகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? வேதநாயகம் சாமுவேல் அசரியா என்பது அவர் பெயர். ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயர் பதவிக்கு உயர்ந்த முதல் இந்தியர் அவர்தான்.

"நயினாரே, சமணரான உமக்கு எதற்கு இந்தப் பாதிரியார் கதை?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் சமயத்தில் துறவிக்கு மகாவிரதம், இல்லறத்தானுக்கு அணுவிரதம் என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறர்மனை நயவாமை, மிகுபொருள் விரும்பாமை என்ற ஐந்தையும் குடும்பஸ்தன், அதிலும் தராசு பிடிக்கிறவன், எந்த அளவுக்குக் கைக்கொள்ள முடியும் என்பதுதான் அணுவிரதத்தின் கணக்கு. அருங்கலச்செப்பு என்ற சிறு தமிழ் நூல் முழுக்க இதுதான். ஆகவே எந்தச் சமயத்தைப் பற்றிப் படித்தாலும், அதன் தத்துவத்தை விட்டுவிட்டு, சாதாரணக் குடும்பத்தானிடம் அது தினமும் என்ன கேட்கிறது என்று பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற என்னைப் பார்த்துக் கடைக்கு வரும் தெலுங்கு நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சமயம் என்பது அடுப்படியிலும் கல்லாப்பெட்டியிலும் தெரியவில்லை என்றால் வேறு எங்கே தெரியும்?

யாழ்ப்பாணத்தில் கிடைத்த பாடம்

அசரியா 1874இல் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள வெள்ளாளன்விளையில் பிறந்தார். பனைமரச் சீமை. தந்தையார் ஆங்கிலிக்கன் குருவானவர். மகன் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார், ஆனால் பி.ஏ. பட்டம் பெறாமலே வெளியே வந்தார். (1920இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமே கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. பள்ளிக்கூடம் முடிக்காத என்னைப் போன்றவர்களுக்கு இதில் ஓர் அற்ப சந்தோஷம்.) 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராக ஊர் ஊராகச் சுற்றினார்.

1902இல் யாழ்ப்பாணம் போனபோது அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் ஊழியர்களை அனுப்பிப் பணி செய்வதைக் கண்டார். திருநெல்வேலியிலோ சபை தோன்றி நூறாண்டு ஆகியும் எல்லாவற்றுக்கும் சீமையிலிருந்து வரும் பணத்தையே பார்த்துக் கொண்டிருந்தார்கள். அவருக்கு அது உறுத்தியிருக்கிறது. மறு ஆண்டே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. ஆளும் நம் ஆள், பணமும் நம் பணம், நிர்வாகமும் நம்முடையது என்பது அதன் கொள்கை. அந்தச் சங்கம் தேர்ந்த பணிக்களம்தான் நிஜாம் அரசின் கீழிருந்த தோர்ணக்கல் வட்டாரம். பனையேறிகளும் சிறு விவசாயிகளும் போட்ட காலணாவும் அரையணாவும் சேர்ந்துதான் தெலுங்கு நாட்டுக்கு ஆள் வந்தது. 1909இல் அசரியாவே வந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 35. மனைவி அன்பு மரியம்மாள் அந்தக் காலத்திலேயே கல்லூரிப் படிப்பைத் தொட்ட பெண்மணி. தெலுங்கு இருவருக்கும் புதிய பாஷை.

அடுத்த ஆண்டு எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. அசரியா அங்கே பேசியது சபையில் பலருக்குக் கசந்தது. வெள்ளைக்கார மிஷனெரிகள் உதவி தருகிறார்கள், உழைப்பும் உயிரும்கூடத் தருகிறார்கள், ஆனால் இந்தியனைச் சமமாக வைத்து நட்புத் தருவதில்லை என்பது அவர் பேச்சின் சாரம். யார் உப்பைத் தின்று வளர்ந்த சபையோ அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். 1912 டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் அவருக்குப் பேராயர் அபிஷேகம் நடந்தது.

நான்கு பேய்கள்

தோர்ணக்கல் சுற்றுவட்டாரத்தில் சபைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா என்ற தாழ்த்தப்பட்ட மக்கள். அவர்கள் நிலையைப் புரிந்துகொள்ளத் தெலங்காணாவின் வெட்டிச் சாக்கிரியை நினைவில் கொள்ள வேண்டும். தேஷ்முக்கின் வயலில் கூலியில்லாமல் உழைப்பது, அதிகாரி வந்தால் மூட்டை சுமப்பது, செத்த மாட்டைத் தூக்குவது, எல்லாம் பிறப்பிலேயே விதிக்கப்பட்டவை. கையில் காசு புழங்காது. புழங்கினால் கள்ளுக்கடைக்குப் போகும்.

அசரியா இவர்களுக்கு உபதேசித்ததில் நான்கு பேய்களை ஓட்டுவது முக்கியமான பாடம். அழுக்கு, நோய், கடன், குடி. பைபிளில் இப்படி ஒரு பட்டியல் கிடையாது. கிராமத்தைப் பார்த்துவிட்டு அவர் போட்ட பட்டியல் இது.

இந்த நான்கில் கடனைச் சேர்த்ததுதான் ஒரு வியாபாரியாக என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. குடியைக் கண்டிக்காத சமயம் ஏது? சுத்தத்தைச் சொல்லாத குரு ஏது? கடனைப் பாவப் பட்டியலில் சேர்க்க மனிதன் சந்தைக்குப் போய்வந்திருக்க வேண்டும். விதைப்புக் காலத்தில் ஒரு மூட்டை தானியம் வாங்கினால் அறுவடையில் ஒன்றரை மூட்டை அளக்க வேண்டும் என்பது அந்நாளில் சர்வசாதாரணம். ஆறு மாதத்துக்கு நூற்றுக்கு ஐம்பது. இந்த வட்டியில் ஒரு கல்யாணம் செய்தால் மூன்று தலைமுறை மீளாது. கடன்பட்டவன் பொய் சொல்லித்தான் ஆக வேண்டும். வாங்கினவனிடம் ஒளிய வேண்டும். மகனைப் பள்ளிக்கூடத்தில் விடாமல் ஆண்டையின் கொட்டிலில் விட வேண்டும். அவனிடம் போய் 'பொய் சொல்லாதே' என்று மட்டும் போதித்தால் என்ன பிரயோஜனம்? அதனால்தான் அவருடைய மறைமாவட்டத்தில் கோவிலோடு கூட்டுறவுச் சங்கமும், பள்ளிக்கூடமும், மருந்தகமும் சேர்ந்தே வந்தன. குருத்துவ மாணவர்கள் குடும்பத்தோடு வந்து தங்கிப் படித்தார்கள், மனைவிமார்களுக்கும் தனிப் பாடம் உண்டு. வீடு மாறாமல் ஊர் மாறாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலையில் தாங்களே கை வைத்துக்கொள்ளச் சொல்வாராம். தான் ஞானஸ்நானம் பெற்றவன் என்பதையும், நற்செய்தியைப் பிறருக்குச் சொல்லாமல் இருந்தால் தனக்குக் கேடு என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நாங்கள் விரதம் ஏற்பதும் குரு முன்னிலையில் வாய்விட்டுத்தான். எழுத்தறியாத கூலிக்காரனுக்கு அவன் கையே சாட்சி, அவன் தலையே பத்திரம்.

பிடி அரிசி

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கிராமங்களில் சமைக்கிற பெண், உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியோ சோளமோ எடுத்துத் தனிக் கலயத்தில் போட வேண்டும். அது கோவிலுக்கு. திருநெல்வேலியிலிருந்து அசரியாவும் அவர் துணைவியாரும் அறிந்த வழக்கம்தான் இது.

இன்றும் இது மறையவில்லை. என் கடையில் அரிசி வாங்கும் நாசரேத்துப் பக்கத்து அம்மாள் ஒருவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். "மாசக் கடைசியில மொத்தமா அளந்து குடுத்துட்டா ஆகாதாம்மா?" என்றேன். "அதெப்படி அண்ணாச்சி? நாம திங்கும்போதெல்லாம் அவரு ஞாபகம் வரணும்லா? படியால அளக்கப்பிடாது. கையாலதான் எடுக்கணும்" என்றார்.

அன்று இரவே என் வீட்டு அம்மாளை ஒரு பிடி அள்ளச் சொல்லித் தராசில் போட்டுப் பார்த்தேன். 50 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. 50 என்றே வைப்போம். இரண்டு வேளைக்கு 100 கிராம். மாதம் 3 கிலோ. நூறு வீடுள்ள சபையில் வருஷத்துக்கு 3,600 கிலோ, அதாவது 36 குவிண்டால். ஓர் ஆசிரியர் குடும்பம் சாப்பிட்டுப் பள்ளிக்கூடத்துக்கும் மிஞ்சும். யாரிடமும் கைநீட்ட வேண்டியதில்லை.

தானத்தின் மேன்மை பற்றி எங்கள் நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. உணவு, மருந்து, அபயம், சாஸ்திரம் என்று நான்கு வகை சொல்வார்கள். ஆனால் அங்கெல்லாம் கொடுக்கிறவன் உள்ளவன், வாங்குகிறவன் இல்லாதவன் அல்லது துறவி. அசரியா இல்லாதவனையே கொடு என்கிறார். காணிக்கை கொடுப்பதைப் பற்றித் தனி நூலே எழுதினார், அது பல மொழிகளில் போயிருக்கிறது. முதலில் எனக்கு இது கொடுமையாகத்தான் பட்டது. பட்டினிக்காரனிடமா வசூல்? யோசிக்க யோசிக்க வேறு விதமாகப் படுகிறது. பிறந்தது முதல் வாங்கியே பழகிய கை அது. மிச்சச் சோறு, கிழிந்த துணி, அதட்டல், எல்லாம் மேலேயிருந்து விழுந்தவை. ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போடும்போது அந்தப் பெண் வீட்டுக்கு எஜமானி ஆகிறாள். அறுப்பின் பண்டிகைக்குத் தானியமும் கோழியும் பூசணியும் சுமந்துகொண்டு அவர்கள் பேராயரிடம் வருவார்களாம். ஊர் பார்க்க, கொடுக்கிறவர்களாக வருவது. எடின்பரோவில் வெள்ளைக்காரரிடம் எந்தச் சமத்துவத்தைக் கேட்டாரோ, அதை இவர்களுக்கு இந்த வழியில் கொடுத்தார் என்றே நான் நினைக்கிறேன்.

இதன் விளைவு 1930களில் தெரிந்தது. அக்கம்பக்கத்துக் குடியானவ ஜாதியார் சிலரும் சபைக்கு வரத் தொடங்கினார்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்டதற்குப் பிரசங்கத்தை அவர்கள் காரணமாகச் சொல்லவில்லை. நேற்றுவரை குடித்துக் கிடந்த மாலாவும் மாதிகாவும் இப்படி மாறியதைக் கண்ணால் பார்த்தோம் என்றார்கள்.

எல்லாம் நிறைவேறிவிட்டது என்று சொல்லமாட்டேன். மாலாவுக்கும் மாதிகாவுக்கும் இடையிலிருந்த ஏற்றத்தாழ்வு கோவிலுக்குள்ளும் கூடவே வந்தது, அதை அவரால் வேரோடு பிடுங்க முடியவில்லை. மதமாற்றம் குறித்து காந்தியடிகளுக்கும் அவருக்கும் கடுமையான கருத்து வேறுபாடு இருந்தது. அந்த விவகாரத்தில் என் மனம் காந்தி பக்கம்தான் சாய்கிறது, மறைப்பானேன்? ஆயினும் ஒன்று கவனிக்க வேண்டும். கிறிஸ்தவர்களுக்கென்று தனித் தொகுதி கொடுக்க முன்வந்தபோது, வேண்டாம் என்று எதிர்த்தவரும் இதே அசரியாதான். எண்ணிக்கையைப் பெருக்கிப் பதவி வாங்குவது நோக்கமாக இருந்திருந்தால் அப்படிச் செய்திருப்பாரா?

தோர்ணக்கல் பேராலயம் 1939 ஜனவரி 6ஆம் தேதி பிரதிஷ்டை செய்யப்பட்டது. பணமில்லாமல் நின்று நின்று கட்டிய கோவில். குதுப்ஷாஹி மசூதி மாதிரி கும்பட்டங்கள், தென்னாட்டுக் கோவில் மாதிரி தாமரை செதுக்கிய தூண்கள், நடுவே சிலுவை. சீமைப் பாணி ஊசிக்கோபுரம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. 1945 ஜனவரி முதல் தேதி அவர் காலமானார். சபைகளெல்லாம் ஒன்றாக வேண்டும் என்று 1919இல் தரங்கம்பாடிக் கூட்டத்திலிருந்து அவர் பாடுபட்ட தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பரில்தான் உருவாயிற்று.

செகந்திராபாத்தில் காலையில் ரயிலேறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் தோர்ணக்கல் போய்விடலாம். ஸ்டேஷனில் இறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள்.