அசாயி யானை

உதகைக்குப் பிரயாணம் செய்யும் அன்பர்கள், குன்னூரைத் தாண்டியதும் வெல்லிங்டன் என்னும் ஊரைக் காண்பார்கள். மதராஸ் ரெஜிமெண்டின் தலைமை நிலையம் அங்கேதான் இருக்கிறது. எதிரே வரும் சிப்பாயின் தொப்பியிலுள்ள சின்னத்தை அடுத்த முறை சற்று ஊன்றிப் பாருங்கள். ஒரு கேடயம், அதன்மேல் ஒரு யானை, மேல்நோக்கிக் குறுக்காக அமைந்த இரண்டு வாள்கள். ‘யானை நமக்குப் புதிதா? கோயில் வாசலில் காணாததா?’ என்று கேட்கத் தோன்றும். ஆனால் இந்த யானை கோயிலிலிருந்து வந்ததன்று, யுத்தகளத்திலிருந்து வந்தது. அந்த யுத்தத்தின் கதை நாம் எண்ணி மகிழத் தக்கதுமன்று.

மஹாராஷ்டிரத்தில் கேல்னா நதிக்கு அப்பால் அசாயி என்றொரு கிராமம். 1803 செப்டம்பர் 23-ந் தேதி அங்கே சிந்தியா, போன்ஸ்லே ஆகிய இருவரின் பெருஞ்சேனையை ஆர்தர் வெல்லெஸ்லி என்ற கும்பெனித் தளபதி எதிர்த்தான். மராத்தியர் பக்கம் சுமார் 50,000 பேர். அவனுடன் களத்தில் இருந்தவர்கள் 4,500 பேருக்குச் சற்று அதிகம். நதியைக் கடக்கத் துறையே இல்லையென்று வழிகாட்டிகள் சாதித்தார்கள். எதிரெதிர்க் கரைகளில் இரண்டு கிராமங்கள் இருப்பதை அவன் பார்த்தான். போக்குவரத்து இல்லாமல் ஜனங்கள் அப்படிக் குடியிருப்பார்களா என்று ஊகித்து அவ்விடத்திலேயே இறங்கினான். ஊகம் பலித்தது. மாலைக்குள் மராத்தியரின் பீரங்கிகள் கைப்பட்டன. அவன் பக்கத்தில் மாண்டவரும் காயமுற்றவருமாக 1,500 பேருக்கு மேல்.

அந்தச் சிறு சேனையில் கணிசமானவர்கள் யார்? சென்னை ராஜதானியின் சிப்பாய்கள். தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள். எதிரே நின்றவர்களும் இந்நாட்டவரே. இதில் மற்றொரு விசித்திரம், சிந்தியாவின் பயிற்சி பெற்ற காலாட்படையை நடத்தியவன் போல்மன் என்னும் ஜெர்மானியன்! வெற்றி பெற்ற பட்டாளங்களுக்கு யானை உருவம் பொறித்த கௌரவக் கொடிகள் வழங்கப்பட்டன. வழங்கிய கவர்னர் ஜெனரல், தளபதியின் சொந்தத் தமையனார். தம்பியின் வெற்றிக்குத் தமையன் கொடுத்த பரிசில் யாரும் கஞ்சத்தனத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

விதி விளையாடியது பாருங்கள். இத்தனை உழைத்த தென்னாட்டுப் படைகளை, ‘போர்க்குணம் உள்ள ஜாதிகள்’ என்று ஒரு சித்தாந்தம் பேசிய வெள்ளை அதிகாரிகள் சிறிது சிறிதாகக் குறைத்து, முதல் உலக யுத்தத்திற்குப் பின் அடியோடு கலைத்தார்கள். இரண்டாம் உலக யுத்தம் மூண்டு ஆள் தேவைப்பட்டபோதுதான் ரெஜிமெண்ட் மீண்டும் உயிர்பெற்றது.

சுதந்திரம் வந்தபின் ஒரு தர்மசங்கடம். இந்தியரை இந்தியர் வென்று பெற்ற யுத்த கௌரவங்கள் கொண்டாடத் தகாதவை என ஒதுக்கப்பட்டன. அசாயியும் அவற்றில் ஒன்று. 1950 ஜனவரி 26 முதல் அதிகாரிகளின் தோளிலிருந்து கிரீடம் நீங்கி அசோகரின் சிங்கங்கள் அமர்ந்தன. யானை மட்டும் போகவில்லை. நீக்கியிருக்க வேண்டும் என்று சொல்வாரும் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. அன்று வீழ்ந்த சிப்பாய்கள் கும்பெனிக்குக் கூலியாட்களாக இருந்திருக்கலாம். அவர்களுடைய நெஞ்சுரம் கும்பெனியின் சொத்தன்று. மேலும், 1948-ல் தித்வாலிலும் 1971-ல் பசந்தர் நதிக்கரையிலும் இந்தச் சின்னத்தை அணிந்தவர்கள் சிந்திய இரத்தம் யாருக்காக?

ரெஜிமெண்டின் குறிக்கோள் வாசகம் கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து எடுக்கப்பட்டது. தன் கடமையில் நின்று மடிவதே மேல் என்பது அதன் கருத்து. அதே ரெஜிமெண்டில் திருவிதாங்கூர் சேனையின் வழிவந்த பட்டாளம் ஒன்றும் உண்டு. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரரைத் தோற்கடித்த படையின் வாரிசு அது. அந்த வெற்றியைக் கொண்டாட எவருக்கும் கூச்சமில்லை.

ஆர்தர் வெல்லெஸ்லி பிற்காலத்தில் வெல்லிங்டன் பிரபுவாகி நெப்போலியனை வென்றான். நீலகிரியிலுள்ள ஊருக்கு அவன் பெயர்தான். அங்குள்ள பழைய பாசறைக்கு இப்போது ஜெனரல் ஸ்ரீநாகேஷின் பெயர் வழங்குகிறது. ஊர்ப் பெயர் அப்படியே இருக்கிறது.